ஹோவா அக்காவுக்குக் கொடுத்த மாதிரிக் கடிதம்

மற்றவர்களுடைய பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்குகிற தொழில் ஆங்கில வாத்தியார் தொழில். வாத்தியார் விடுகிற பிழையைச் சுற்றி வட்டம் போட யாரும் வருவதில்லை. நான் கெல்சென்கிர்ச்சனில் ஒரு மாலை வகுப்பில் வியட்நாம்காரருக்கு ஆங்கிலம் எழுதப் பழக்குகிறேன். யாழ்ப்பாணத்துக்காரன், ஜேர்மனியில், வியட்நாம்காரருக்கு, ஆங்கிலம் படிப்பிக்கிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரியுங்கள். நாற்பது வயதுக்கு மேல் வேறொரு மொழியில் விண்ணப்பம் நிரப்பி வியர்த்தவர்கள் என்றால் உங்களுக்கு நான் அதிகம் விளக்கவும் தேவையில்லை.

வகுப்பில் நாங்கள் பேசுவது ஜேர்மன். அதை இங்கே என் ஊர்ப் பேச்சில்தான் தருகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கு அவர்களுடைய குரல் கேட்கிறது.

எட்டுப் பேருக்கும் ஒரே மாமா

முதல் நாள் நான் உள்ளே போனதும் எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடத்தில் எனக்காக எழுந்து நின்றவர்கள் பேருந்தில் முதியவர் என்று இடம் தந்தவர்கள் மட்டும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மகிழ்ச்சியில், போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒருவரும் பேனையைத் தொடவில்லை. மாதிரி எங்கே என்று கேட்டார்கள். சரியென்று பலகையில் ஒன்றை எழுதிப் போட்டேன்: மாமாவோடு டுசல்டோர்ஃப் போனேன், ஆற்றங்கரையில் நடந்தோம், மீன் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் எட்டுக் கடிதம் வந்தது. எட்டுப் பேரும் மாமாவோடு டுசல்டோர்ஃப் போய் மீன் சாப்பிட்டிருந்தார்கள். அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து அப்படியே எழுதுவதுதான் வழக்கமாம். அதில் மரியாதையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. நானும் ஒருகாலத்தில் பள்ளிக்கூட அதிபருக்கு எழுதும் லீவுக் கடிதத்தைப் பாடமாக்கியவன்தான் என்பதால் கோபிக்க முடியவில்லை. ஆசியச் சாமான் கடை வைத்திருக்கும் துவான், வகுப்பின் மூத்தவர், எனக்கு நியாயம் சொன்னார்: "நீங்கள் எழுதினதை விட நல்லா எங்களுக்கு எழுத ஏலாது தானே, சேர். பிறகேன் மாத்த வேணும்?"

மாதிரியில் உயிரோடு இருந்த அப்பா

லின் என்ற பெண் முதியோர் இல்லத்தில் தாதிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. குடும்பத்தைப் பற்றி எழுதும் பாடத்துக்கு நான் கொடுத்த மாதிரித் தாளைப் பார்த்து முத்துப்போன்ற எழுத்தில் எழுதித் தந்தாள்: அப்பா ஆசிரியர், அம்மா வீட்டில் இருக்கிறார், இருவரும் நலம். ஒரு பிழை இல்லை. வகுப்புக்கு முன்னால் அதை உரத்து வாசித்துப் பாராட்டினேன். அவள் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்து போகும்போது துவான்தான் காதுக்குள் சொன்னார், அவளுடைய அப்பா காலமாகி இரண்டு மாதம்தான், வேலையில் லீவு கிடைக்காமல் போய்ப் பார்க்கவும் இல்லை என்று. ஓடிப்போய் வாசலில் அவளைப் பிடித்து, ஏன் பிள்ளை அப்படி எழுதினாய் என்று கேட்டேன். அன்றைக்கே அந்த மாதிரித் தாள்களைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அவள் சொன்னது இதுதான்: "ஓம் சேர், செத்திட்டார். ஆனால் மாதிரியிலை இருக்கிறார் தானே."

அக்காவின் அக்கா

ஹோவா உடுப்புத் திருத்தும் கடையில் தைப்பவர். என்னைவிட இரண்டு வயது கூட. அவர்களிடமும் எங்களைப் போலவே அண்ணன், அக்கா என்று கூப்பிடும் வழக்கம் இருப்பதால் முதல் நாளே எனக்கு ஹோவா அக்கா ஆகிவிட்டார். அந்தக் காலத்தில் கிழக்கு ஜேர்மனிக்குத் தையல் தொழிற்சாலை வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். பிள்ளையைக் கொண்டுவர அனுமதி இல்லை. ஒரு வயது மகளைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அக்கா பிள்ளையோடு படகேறி, முகாம்களில் இருந்து, கடைசியில் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்.

மகள் மாய் ஆங்கிலத்திலேயே வளர்ந்தாள். தாய்மொழியில் 'சாப்பிட்டீங்களா'வுக்கு மேல் போகாது. எங்கள் வீடுகளில் பார்க்காததா! தாயும் மகளும் இரண்டே முறைதான் நேரில் சந்தித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அந்த அக்காதான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். இப்போது அந்த அக்கா இல்லை. தொலைபேசியில் மொழிபெயர்த்து அனுப்பிப் பார்த்ததற்கு, இயந்திரம் வேண்டாம், அம்மா தன் கையால் எழுதியது வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். மகள் ஒருமுறை வந்து தன்னோடு இருக்க வேண்டும், அதைக் கேட்டு எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஹோவா அக்காவின் ஆசை. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு காலமும் அக்கா எனக்காகக் கதைச்சவ. இனி நான்தான் கதைக்க வேணும்."

ஒன்பதாம் பாடம்

வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்? மாதிரி எழுதிக் கொடுத்தேன். 'நான் நலம். வேலை நன்றாகப் போகிறது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்கு வசதிப்படும்போது வா.' கட்டுக்கோப்பான கடிதம் என்று எனக்கே பெருமை. மாதம் ஒன்று என்று ஒரு வருடம் அந்த அச்சிலேயே கடிதங்கள் போயின. காலநிலையும் பண்டிகையும் மட்டும் மாறும். இடையிடையே ஹோவா அக்கா தன்பாட்டில் ஏதாவது சேர்ப்பார். 'இன்று கடைக்கு ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை வந்தது, மணந்து பார்த்தேன்.' விஷயத்துக்குப் புறம்பு என்று சிவப்புப் பேனையால் வெட்டுவேன். அவர் தலையாட்டிவிட்டு, வெட்டியது போக மிச்சத்தைத் தாளில் அழகாக எழுதி அனுப்புவார்.

ஒரு நாள் கொப்பியில் 'சாப்பிட முடியவில்லை, வயிறு நோகிறது' என்று எழுதியிருந்தார். வைத்தியரிடம் போனீர்களா என்று கேட்டேன். Termin எடுத்திருக்கிறேன், வைத்தியர் தந்த திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். அதோடு விட்டுவிட்டேன். நோய் பற்றிய சொற்கள் ஒன்பதாம் பாடத்தில் வரும், இப்போது நாங்கள் ஆறில் நிற்கிறோம் என்று சொல்லி அந்த வரியையும் வெட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்த வாரம் மகளிடமிருந்து பதில் வந்தது. அம்மா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, இந்த வருடம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது, அடுத்த வருடம் வருகிறேன் என்று. ஹோவா அக்கா அதை இரண்டு தரம் வாசித்து மடித்து வைத்தார். "கடிதம் நல்லா விளங்கியிருக்கு அவளுக்கு. நீங்கள் நல்லாப் படிப்பிச்சிருக்கிறியள், சேர்."

பதினொரு வரி

மூன்று வாரம் அவருடைய நாற்காலி வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வயிற்றில் புற்றுநோய், முற்றிய நிலையாம் என்று துவான் வந்து சொன்னார். போனேன். ஆள் பாதியாகியிருந்தார். கொப்பி மட்டும் தலையணைக்குப் பக்கத்தில். உண்மையை எழுதுவோம் அக்கா, அவள் உடனே வருவாள் என்றேன். ஓம் என்றார். பேனையைப் பிடித்துப் பார்த்தார், விரல் கேட்கவில்லை. நான் எழுதுகிறேன் என்று தொலைபேசியை எடுத்தேன்.

உங்கள் அம்மா சாகப்போகிறார் என்பதற்கு என்னிடம் மாதிரி இருக்கவில்லை. இத்தனை வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் முதல் வரியிலேயே அரைமணி நேரம் நின்றேன். மொத்தம் பதினொரு வரி. அனுப்பும் முன் அவருக்கு ஜேர்மனில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிழை இல்லாமல் அனுப்புங்கோ சேர். அவள் படிச்ச பிள்ளை."

வெட்டிய வரிகள்

மாய் அன்றே விமானம் ஏறினாள். வந்து இறங்கியபோது ஹோவா அக்கா போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அடக்கம் முடிந்த பின் துவானின் வீட்டில் தேநீர் வைத்துக்கொண்டு மாயும் நானும் எதிரெதிரே இருந்தோம். தாயின் நெற்றி, தாயின் கைவிரல். கைப்பையிலிருந்து கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தாள். இதில் எது அம்மா சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் என்னுடைய மாதிரிதான், கையெழுத்து மட்டும் அம்மாவுடையது என்றேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருட்களோடு கொப்பியும் அங்கே இருந்தது. அவள் அதைப் புரட்டத் தொடங்கினாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த அம்மாவின் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிள்ளைச் சட்டை. உன் உடம்பு அளவு தெரியாமல் ஒரு மேற்சட்டை தைத்து வைத்திருக்கிறேன். உன் அக்குளில் இருந்த மச்சம் இன்னும் இருக்கிறதா. வயிறு நோகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் எழுத்தில் 'புறம்பு', 'தேவையில்லை', 'பின்னர்'. மன்னித்துக்கொள் பிள்ளை என்று தமிழில்தான் வாயில் வந்தது. அவள் அழுதாள், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டிருப்பேன். கடிதங்களை ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுகளை நீங்களே வைச்சிருங்கோ. நீங்கள் வெட்டினதுகளை நான் கொண்டு போறன்."

இப்போது என் மாணவர்கள் எழுதும் ஆங்கிலம் முந்தியதைவிட மோசம் என்று பாடசாலை அலுவலகத்தில் முறைப்பாடு வந்திருக்கிறது. நான் திருத்துவதாக இல்லை.