செருப்புப் பையோடு போன காது

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் என் கணவரும் திருவண்ணாமலைக்குப் போனோம். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனோம். கூட்டத்தில் இடிபட எனக்கு இனித் தெம்பு கிடையாது. போனதற்குக் காரணம் அவருடைய காது. பத்து வருஷமாக மந்தமாகி, கடைசியில் குக்கர் விசில்கூடக் கேட்காமல் போய், தை மாதம்தான் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். ஒரு லட்சத்து முப்பதாயிரம். அவருடைய ஓய்வுப் பணத்தில் மிச்சமிருந்ததே அவ்வளவுதான், இன்னொன்று வாங்க வழி இல்லை. அதை மாட்டிக்கொண்டதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணாமலையார் கோயில் மணிய ஒரு தடவ கேட்டுட்டு வந்துடலாமா?"

கிளாம்பாக்கத்தில் காலை 5.10க்குப் பேருந்து, ஆளுக்கு 160 ரூபாய். நாலு மணி நேரம் என்றார்கள். நாலரை ஆனது. இறங்கும்போதே என் இடுப்பு கழன்றுவிட்டது. செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் 900 ரூபாய்க்கு ஓர் அறை. பேருந்து நிலையத்திலிருந்து அறை, அங்கே பெட்டியை வைத்துவிட்டு அப்படியே கோயில், எல்லாம் சேர்த்து 250 ரூபாய் என்று ஓர் ஆட்டோவைப் பேசினேன். ஓட்டுநர் காலடியில் ஒரு மூட்டை இருந்தது.

"மல்லாட்டம்மா. கீழ்பென்னாத்தூர்ல மாமனார் கொல்லில புடுங்கினாங்க, கொஞ்சம் குடுத்தாங்க" என்றார். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர்.

ஆட்டோவில் காற்றடித்தால் மெஷினில் புயல் மாதிரி இரையும். என் கணவர் இரண்டையும் கழற்றி, தீப்பெட்டி அளவுப் பெட்டியில் போட்டு என்னிடம் நீட்டினார். என் கைப்பையில் ஜிப் போய் மாசக்கணக்கு ஆகிறது. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் நெருக்கியடிப்பார்கள் என்று, செருப்பை வண்டியிலேயே கழற்றித் துணிப்பையில் போட்டிருந்தோம். அந்தப் பெட்டியையும் அதிலேயே போட்டேன். செருப்புப் பையை எந்தத் திருடன் திறப்பான்? இந்தப் புத்திசாலித்தனம் எங்கள் குடும்பச் சொத்து. என் அம்மா ரயிலில் போகும்போது நகையை இட்லிப் பொட்டலத்துக்கு அடியில்தான் வைப்பாள்.

ராஜகோபுரத்துக்கு முன்னால் பின்வண்டிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். பதறி இறங்கிக் காசைக் கொடுத்தேன். ஆட்டோ போய்விட்டது. வரிசையில் கால் வைத்ததும் அவர் காதைத் தொட்டுக்காட்டி, என் முன்னால் கையை ஏந்தினார். செருப்புப் பை ஆட்டோவிலேயே போய்விட்டது.

ஓட்டுநர் பெயர் தெரியாது. போன் நம்பர் வாங்கவில்லை. வண்டியின் முதுகில் 'அருணாச்சலா' என்று எழுதியிருந்தது மட்டும் நினைவிருந்தது. வாசலில் பூ விற்ற பெண்ணிடம் செருப்புப் பையை ஆட்டோவில் விட்டுவிட்டேன் என்றேன்.

"உடும்மா. கோயிலுக்கு வந்து செருப்பு போச்சுன்னா சனி உட்டுச்சுன்னு அர்த்தம். நல்லதுதான்" என்றாள். நானும் எத்தனை பேருக்கு இதே ஆறுதலைச் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு அது எரிச்சலாக இருந்தது.

வெறுங்காலோடு ஆட்டோ நிறுத்தத்துக்கு நடந்தோம். மணி பதினொன்றரை, தார்ச்சாலை கொதித்தது. போகிற வழியெல்லாம் அவரை முகத்துக்கு நேரே திட்டினேன். "கழட்டாம இருந்தா இந்த வினை வந்திருக்குமா? இந்தச் செவிட்டு மனுஷனக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதாதா?" காதில் விழாது என்கிற தைரியம். அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அதைப் பார்த்து இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டினேன்.

நிறுத்தத்தில் இருந்தவர்களில் மூத்தவர் காசிம் பாய். நான் அடையாளம் சொன்னதும் கையால் வரிசையைக் காட்டினார். "எந்த அருணாச்சலாம்மா? இங்க நிக்கிற பதினோரு வண்டில ஒம்போதுல அதான் எழுதியிருக்கு. ஆளு எப்படி இருப்பாரு?"

"நெத்தி நெறைய விபூதி."

"சரியாப் போச்சு. என்னைத் தவிர எல்லாருமே அப்படித்தான்."

அப்போதுதான் மூட்டை நினைவுக்கு வந்தது. மல்லாட்டை, கீழ்பென்னாத்தூர், மாமனார் என்றேன்.

"அட, நம்ம ஏழுமல!" என்று உடனே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்தப் பையா பாய்?" என்றது ஏழுமலையின் குரல். "பழைய செருப்பா இருந்துச்சு. சனி கழியட்டும்னு வேணும்னே உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அவங்க சனி நம்ம வண்டில எதுக்கு? அடி அண்ணாமலைல, டீக்கட எதிர்ல வேப்பமரத்துல மாட்டிட்டு வந்துட்டேன்."

யாரைக் குறை சொல்வது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

காசிம் பாயே அழைத்துப் போனார். அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிறது, ஏழு கிலோமீட்டர், 200 ரூபாய். "ஜாஸ்தி கேக்கலம்மா, போய் வரதுக்கும் சேத்துதான்" என்றார். மரத்தில் பை தொங்கியது. கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமே இல்லை. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இனி இந்த மனுஷன் பழையபடி எல்லாரும் பேசுவதைப் பார்த்துப் பார்த்துச் சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பாரே என்று நினைக்கத் துக்கம் தாங்கவில்லை.

எதிர்க் கடையிலிருந்து டீக்கடைக்கார அம்மா குரல் கொடுத்தார். "செருப்ப ரெண்டு பேர் வந்து போட்டுக்கினு போயிட்டாங்க. ஒரு சின்னப் பொட்டி இருந்துச்சு, அது உங்களுதா?" சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். "பாட்டு கேக்குற மெஷினுன்னு நானும் காதுல வெச்சுப் பாத்தேங்க. பாட்டு ஒண்ணும் வர்ல. ரோட்ல போற வண்டி சத்தம்தான் ஜாஸ்தியா கேட்டுச்சு."

என் கணவர் இரண்டையும் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். மெஷினுக்கு உயிர் வந்ததும் என்னைப் பார்த்தார்.

"செவிட்டு மனுஷனுக்கு இப்ப நல்லா கேக்குது. மிச்சம் இருந்தா திட்டு."

திருப்பிக் கேட்டேன். "உங்களுக்கு எப்படி..."

"பத்து வருஷமா உன் வாயப் பாத்துதான குடும்பம் நடத்துறேன்."

கூசிப்போனேன். டீக்கடைக்கார அம்மா நீட்டிய டீயைக் குடிக்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கோயிலில் மணி அடித்தது. அடித்து ஓய்ந்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வண்டியின் முதுகில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஏறுமுன் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். என்னைக் காப்பாற்றியது மல்லாட்டைதான். பொருள் போனால் முதலில் ஆட்டோ நிறுத்தத்துக்குப் போங்கள், அங்கே எல்லாருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். செருப்புப் பையில் செருப்பைத் தவிர எதையும் வைக்காதீர்கள். கோயில் தெருவில் 150 ரூபாய்க்கு ரப்பர் செருப்பு கிடைக்கிறது, ஆனால் கடிக்கும்.

மறுநாள் காலைப் பேருந்தில் ஜன்னல் காற்று என்று மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முந்தானையில் முடிந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து, "மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார்.