எல்லைக்கோட்டில் அப்பாவின் குரல்

எங்கள் நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில், ஆற்றோரப் பூங்காவில், இரண்டு உதைபந்தாட்ட மைதானங்களை ஒன்றாக்கி, கூம்புகளை அடுக்கி வட்டம் போட்டு நாங்கள் அவுஸ்திரேலிய ஃபுட்போல் ஆடினோம். கோல் கம்பங்கள் பிளாஸ்டிக் குழாய்கள். இந்த ஆட்டத்தில் கவசம் கிடையாது. முட்டை வடிவப் பந்து யார் கையில் இருக்கிறதோ அவரைப் பிடித்து நிலத்தில் வீழ்த்தலாம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எங்கே பிடித்தாலும் குற்றமில்லை. விரல் பிசகுவதும் பல் ஆடுவதும் எங்களுக்குச் சாதாரணம்.

அந்தச் சனிக்கிழமை மெல்பேர்னிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். சம்பளம் கொடுத்துப் பெண்களை ஆடவைக்கும் கழகமொன்றின் தேர்வாளர். இங்கிருந்து ஒருத்தியை மட்டும் கொண்டுபோகப் போகிறார். அது அநேகமாக நீதான் என்று பயிற்சியாளர் என்னிடம் சொல்லியிருந்தார்.

முந்தைய வாரப் பயிற்சியில் என் இடது தோள் கழன்றிருந்தது. கிளினிக்கில் திரும்பப் போட்டுவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போன அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது அப்பா."

"எனக்கென்ன விசரே?" என்றார்.

அப்பாவுக்கு வில்லரே என்ற பக்கத்துப் பகுதியில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. சனிக்கிழமை லீவு எடுத்து எல்லைக்கோட்டில் நிற்பார். நின்றால் கத்துவார், தமிழில். நடுவரை, "கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டான்" என்பார். எனக்குச் சொல்லவேண்டிய புத்திமதிகளும் அதே குரலில்தான் வரும். மைதானத்தில் வேறு எவருக்கும் விளங்காது என்பதால் எங்கள் இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

எதிரணி ரொறன்ரோ. எனக்கு எதிராக நின்றவள் கட்டை, மாநிறம், தலைமயிரை இறுக்கிப் பின்னியிருந்தாள். தமிழ் தெரியாத கயானாக்காரி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல் பந்தை நான் பிடித்தேன். அப்பாவின் குரல் வந்தது.

"பிள்ளை, இடது தோள் கவனம்! அந்தக் கையை நீட்டாதை! உடம்போடை வைச்சிரு!"

அவள் எல்லைக்கோட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் பந்தை உதைக்கக் குனிந்தபோது என் இடது கையை மணிக்கட்டில் பிடித்து, உடம்போடு அழுத்தி, சுழற்றி, அந்தத் தோளிலேயே விழுத்தினாள். சட்டப்படி சரியான பிடி. பிடிபட்டும் நான் பந்தை விடாததால் நடுவர் அதை அவளிடம் கொடுத்தார்.

அடுத்த முறையும் அதே கை. எலும்பு முன்னுக்கு வழுக்கி, திரும்ப உள்ளே போனது. அந்தச் சத்தம் எனக்குக் காதால் அல்ல, பற்களால் கேட்டது.

"அண்டைக்குக் கழண்ட தோள் பிள்ளை! வலப்பக்கமா விழு!"

அவள் என் முதுகின் மேல் கிடந்தாள். காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அப்பாவைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்கோ. எல்லாம் கேக்குது."

இடைவேளையில் அப்பா தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார்.

"இனிக் கத்தாதேங்கோ. அவள் தமிழ்."

அவர் முகம் வெளிறியது. பிறகு கேட்டார்: "எந்த ஊராம்?"

"அப்பா!"

"இல்லை, சும்மா கேட்டன்."

ஆட்டம் தொடங்கியதும் நான் அவளைத் தேடிப்போனேன். அவள் பந்தை எடுத்தவுடன் இடுப்பில் பிடித்துத் தூக்கி முகம் குப்புறப் போட்டேன். மூக்கு உடைந்தது. இரத்தம் வடிந்தால் வெளியே போகவேண்டும் என்பது விதி. போனாள். மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேறு சட்டையில் திரும்பி வந்தாள்.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. "வலது தோள் பிள்ளை! வலதைக் கவனி!"

அவள் பஞ்சுக்குள்ளால் சிரித்தாள். "அங்கிள் பகிடி விடுறார்."

பிறகு மறுபடி இடதுக்கே வந்தாள். இந்த முறை தோள் வெளியே வந்தது, திரும்பப் போகவில்லை. கை என்னுடையதல்லாத ஒரு பொருள்போலத் தொங்கியது. மூக்கும் வாயும் புல்லில் புதைந்திருந்ததால் நான் கத்தியது வெளியே கேட்கவில்லை.

என்னை எல்லைக்கோட்டுக்கு வெளியே கதிரையில் இருத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் வந்து தோளைப் பார்த்தார். தொடவில்லை. சத்திரசிகிச்சை செய்தால் சரிவரும், ஆனால் தனக்கு இந்தப் பருவத்துக்கே ஆள் வேண்டும் என்றார். பிறகு அந்த ரொறன்ரோக்காரியைக் கையசைத்துக் கூப்பிட்டு, எங்கள் பயிற்சியாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: எதிராளியின் பலவீனத்தைத் தானாகவே கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப அங்கேயே போகிறாள். அதைப் பழக்க முடியாது. இவளைத்தான் நான் கொண்டுபோகிறேன்.

"இவள் எங்கை கண்டுபிடிச்சவள்?" என்றார் அப்பா தமிழில். "நான்தானே சொல்லிக் குடுத்தனான்!"

தேர்வாளர் அவளைப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"வாழ்த்துச் சொல்கிறார்" என்றாள் அவள் ஆங்கிலத்தில், அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அப்பாவுக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கும். அவர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடினார். அம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

இரண்டு சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகும் என் கை தலைக்கு மேல் முழுதாகப் போவதில்லை. அவள் மெல்பேர்னில் ஆடுகிறாள். ஆட்டங்களின் பதிவுகளை ஞாயிறு காலையில் நானும் அப்பாவும் பார்ப்போம். முதல் பருவத்தில் அவளுடைய கன்ன எலும்பு உடைந்தது. அதற்கடுத்த பருவத்தில் அவள் ஒருத்தியின் விலா எலும்பை உடைத்தாள்.

போன மாதப் பதிவொன்றில், அவள் வலது முழங்காலில் பாரம் வைக்கத் தயங்கினாள். திரும்பும்போதெல்லாம் இடது காலில் திரும்பினாள். அப்பாவும் கவனித்திருக்கவேண்டும். திரையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டார்.

அவளுக்கு எதிராக நின்ற நெட்டைக்காரியும் அதைக் கண்டிருந்தாள்.