எங்கள் வீணை திருச்சியில் தங்கிய எட்டு நாள்

2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை. திருச்சி விடுதியில் காலை 4.50க்கு எழுந்தேன். பிரஷர் மாத்திரை ஒன்று, வெந்நீர் ஒரு குவளை. டைரியில் வானிலை எழுதினேன்: மேகம் இல்லை, காற்று இல்லை. மனைவி பத்மா குளித்து வருவதற்குள் பெட்டிகளை மூன்றாவது முறையாகச் சரிபார்த்தேன். வீணைப் பெட்டியின் மூடிக்குள் நானே எழுதி ஒட்டிய பட்டியலில் பதினொரு வரிகள். வீணை, மாற்றுத் தந்தி இரண்டு சுற்று, மீட்டும் நகம், துணி உறை என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் போட்டேன். பட்டியலின் கீழே என் பெயர், ஈப்போ முகவரி, கைப்பேசி எண்.

முப்பத்தொரு வருடமாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்புப் பிரிவைப் பார்க்கிறவன் நான். என் கையிலிருந்து ஒரு காகிதம் தவறியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் வருவது புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பத்மா ஈப்போவில் நம் கோயிலில் தேவாரம் பாடியவர். பழைய அன்பர்களுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குரல் திரும்பவில்லை. பேச்சு வரும், பாட்டு வராது. பெட்டிக்குள் கிடந்த வீணையை அதன் பிறகுதான் மறுபடி எடுத்தார். ஒரே பலாமரத்தில் குடைந்தது அது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு பழசாகிச் சுருதி விலகியதால், தஞ்சாவூரில் புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். நவராத்திரி முதல் நாள், அக்டோபர் 3, நம் கோயிலில் பத்மாவின் வாசிப்பு. அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

போகும்போது வீணைக்கென்று தனி இருக்கை பதிவு செய்திருந்தேன். வரும்போதும் அப்படியே, 14C. உறுதிச் சீட்டு என் கோப்பில் இருந்தது. திருச்சி கவுன்டரில் இருந்தவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், இன்னிக்கு ஃபுல் ஃப்ளைட். வாத்தியத்துக்கெல்லாம் சீட் கிடையாது. கீழ போட்டுருங்க."

"பணம் கட்டியிருக்கேன். இதோ எழுத்துல இருக்கு."

"ஃப்ராஜைல் ஸ்டிக்கர் ஒட்டித் தரேன் சார். ஒண்ணும் ஆகாது."

ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். இருபத்திரண்டு வருடம் பத்மா தரையில் மோதாமல் காத்த மரத்துக்கு ஓர் ஒட்டுத்தாள்! கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். பெட்டி பட்டையில் நகர்ந்து ரப்பர் திரைக்குப் பின்னால் போனது. பத்மா அது மறையும்வரை நின்று பார்த்தார்.

சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனதும் கூடத்தின் கடைசி மூலையில் உட்கார்ந்தேன். பத்மா கைகழுவப் போயிருந்தார். நான் டைரியைத் திறந்து புகார்க் கடிதம் எழுத ஆரம்பித்தேன். நேரம், கவுன்டர் எண், அந்த ஆள் சொன்ன வார்த்தைகள். நான்கு பக்கம் எழுதினேன். விமானம் ஏறும் வாசல் திறந்ததுகூடத் தெரியவில்லை. பத்மா வந்து தோளைத் தட்டினார்.

விமானத்தில் 14Cயில் ஒரு மனிதர் உட்கார்ந்து கச்சான் தின்றுகொண்டிருந்தார். நாலு மணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் மேல் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் கொறித்த ஒவ்வொரு கடலையும் எனக்குள் நொறுங்கியது.

கோலாலம்பூரில் இறங்கும்போது இடியும் மழையும். எங்கள் துணிப்பெட்டி முதலில் வந்தது. தூக்கினால் தண்ணீர் ஒழுகியது. மூடாத வண்டியில் மழையிலேயே நிறுத்திவிட்டார்களாம். பத்மாவின் புதுச் சேலைகள் சாயம் கலந்து கிடந்தன. வீணை வரவே இல்லை. பட்டை சுற்றிச் சுற்றி, கடைசியில் நின்றுபோனது.

கவுன்டரில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி. "அங்கிள், சிஸ்டத்துல ஏத்துனதாதான் காட்டுது. ஆனா இங்க இல்லலா. நாளைக்கு கால் பண்ணிப் பாருங்க."

"ஏத்துனா எங்கம்மா போச்சு? வானத்துல எறங்கிருச்சா?"

"என்னைய ஏசாதீங்க அங்கிள். நான் இங்கதானே இருக்கேன்."

அவளை விட்டுவிட்டுப் பத்மா பக்கம் திரும்பினேன். இதை எழுதக் கை கூசுகிறது. "இங்கயே யாரையாச்சும் வச்சுச் சரி பண்ணலாம்னு சொன்னேன்ல? கேட்டியா? ஒரு வருசம் வாசிக்காட்டி ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது."

பத்மா அந்த மெலிந்த குரலில் சொன்னார்: "எனக்கு வேற வாய் இல்லைங்க."

ஈரப் பெட்டியோடு ஈப்போ வந்து சேர்ந்தோம்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். தினமும் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் அழைத்தேன். எட்டுப் பேரிடம் பேசினேன். எட்டுப் பேரும் எட்டு விதம் சொன்னார்கள். ஒருவர், வேறு ஊருக்குப் போயிருக்கலாம் என்றார். இன்னொருவர், வீணை என்றால் என்ன, கித்தார் மாதிரியா என்று கேட்டார். பத்மா சமைத்தார், துவைத்தார். வீணை இருக்கும் இடத்தில் விரித்த பாயை மட்டும் சுருட்டவில்லை.

பக்கத்து ஊரான செமோரில் இருந்து தனபாலன் வந்தார். நம் பஜனைக் குழுவில் டோலக் வாசிக்கிற வேன் ஓட்டுநர், என்னைவிட இளையவர். நிலைமை கேட்டுவிட்டு, "விடுங்கண்ணே, வீணைதானே? சரஸ்வதி வீட்டுக்கே போயிருக்கும். பழசு ரிப்பேர்ல இருக்குன்னு இரவல் வாங்கியிருப்பா" என்றார். பத்மா சிரித்துவிட்டார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. எனக்கோ அவரை வெளியே தள்ளலாம்போல இருந்தது.

25 புதன்கிழமை காலை, பூசை அறையில் நின்று முருகனிடம் சண்டை போட்டேன். வேண்டினேன் என்று எழுதினால் பொய்யாகும். "திருச்சியில இருந்தப்ப வயலூர் வந்து உன் எதிரே நின்னு கேட்டேனே. என்ன கேட்டேன்? வீணை நனையக் கூடாது, உடையக் கூடாது, மெழுகு இளகக் கூடாது. டைரியில தேதியோட எழுதி வச்சிருக்கேன். ஒரு மனுசிகிட்ட குரலை எடுத்தே. பொறுத்தோம். இப்ப கையையும் எடுக்கிறியா? நீயும் அந்தக் கவுன்டர்க்காரனும் ஒண்ணுதானா?" என்று கேட்டேன். பதில் வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு முருகன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பத்மா பார்த்தார். தடுக்கவில்லை.

மறுநாள் 26 வியாழன் காலை 10.35. அலுவலகத்தில் இருந்தபோது இந்திய எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் குரல்.

"ஈப்போ சாரா? நான் திருச்சி ஏர்போர்ட் செக்யூரிட்டில இருந்து பேசுறேன். உங்க வீணை எங்ககிட்ட பத்திரமா இருக்கு."

 ஏன், எப்படி என்று கேட்டேன்.

"லிஸ்ட் ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க சார். பதினோரு ஐட்டம். பன்னெண்டாவதா கற்பூரம் இருந்துச்சே, அத மட்டும் ஏன் எழுதல?"

கற்பூரம். வயலூர் அர்ச்சனைத் தட்டில் மீந்த பாக்கெட். திருநீறோடு சேர்த்து வீணையின் குடத்துக்குப் பக்கத்தில் நான்தான் செருகினேன். காவலாக இருக்கட்டும், பூச்சியும் அண்டாது என்று. பட்டியலில் எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை. அது சாமான் இல்லையே, சாமி கொடுத்ததல்லவா? தீப்பிடிக்கும் பொருள் ஏதும் இருக்கிறதா என்று கவுன்டரில் கேட்டபோது, இல்லை என்று அடித்துச் சொன்னவனும் நானே.

"ஸ்கேன்ல பாத்துட்டு நிறுத்திட்டோம். கேட்ல உங்க பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க சார். நீங்க வரல. ஏர்லைன் ஆள வச்சுத் திறந்து கற்பூரத்தை எடுத்தோம். அதுல டேக் கிழிஞ்சு போச்சு. அடுத்த ஃப்ளைட்ல அனுப்புறேன்னு சொன்னவங்க அனுப்பல. நான் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வந்தேன். பெட்டி அங்கயே நிக்குது. திறந்தா உங்க நம்பர்."

"வெயில்ல இருந்துச்சாம்மா?"

"ஏசி ரூம்லதான் சார். அன்னைக்கே உள்ள வைக்கச் சொல்லிட்டுத்தான் லீவுல போனேன். எனக்குத் தஞ்சாவூரு. மெழுகு இளகுனா என்னாகும்னு தெரியாதா?"

மூன்று முறை. நான் சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடும்போது என் அப்பா காய்ச்சலிலும் போய் நின்று குரல் கொடுத்தவர். ஒரு முறை தவறினால் அன்றைய பெயர் போச்சு, கூலியும் போச்சு. அவர் மகன், தன் பெயர் மூன்று முறை ஒலிபெருக்கியில் வந்தும் கேட்கவில்லை. புகார் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். படத்தைத் திருப்பினேன். நனைந்த துணிப்பெட்டி முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. வீணை அந்த விமானத்தில் வந்திருந்தால் அதே வண்டியில், அதே மழையில் நின்றிருக்கும். நான் வயலூரில் கேட்டதை டைரியில் எடுத்துப் படித்தேன். நனையக் கூடாது, உடையக் கூடாது, மெழுகு இளகக் கூடாது. எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது. எங்களோடு வரவேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. தரையில் விழுந்து அழுதேன்.

29 ஞாயிறு, தனபாலன் வேனில் கோலாலம்பூர் போய் வீணையை எடுத்து வந்தோம். விமான நிலையத்திலேயே திறந்து பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. இருபத்துநான்கு மெட்டும் மெழுகில் நின்றபடி இருந்தன. "சரஸ்வதி நல்லா தொடச்சுக் குடுத்திருக்காண்ணே" என்றார் தனபாலன். இந்த முறை நானும் சிரித்தேன்.

அன்பர்களே, இனித்தான் முக்கியம். 27 வெள்ளிக்கிழமை பஜனையில் உங்கள் முன் நின்று இந்த அற்புதத்தைச் சொன்னேன். அரோகரா போட்டீர்கள். நான் சொன்னது பாதி. கற்பூரத்தைச் சொல்லவில்லை, மூன்று அழைப்பைச் சொல்லவில்லை. குற்றம் முழுவதையும் விமான நிறுவனத்தின் தலையில் வைத்தேன். அவர்கள் செய்ததற்கு என் கோபம் இன்னும் தணியவில்லை. பதிவு செய்த இருக்கையை விற்றது அநியாயம், பெட்டியை அங்கேயே போட்டுவைத்தது அநியாயம். புகார்க் கடிதத்தை அனுப்பித்தான் இருக்கிறேன், ஆனால் கற்பூரத்தையும் அதில் சேர்த்து எழுதி. அரைச் சாட்சி முருகனுக்கு வேண்டாம்.

வாத்தியத்தோடு விமானம் ஏறுகிறவர்கள் பெட்டியில் உள்ள அத்தனையையும் எழுதுங்கள், பிரசாதத்தையும். அவனிடம் கேளுங்கள். கோபம் வந்தால் அவனிடமே சண்டை போடுங்கள், அவன் தாங்குவான். நான் படத்தைத் திருப்பிய அந்த நேரத்திலும் வீணை குளிர்ந்த அறையில் பத்திரமாக இருந்தது. அவன் என்னைப்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உங்கள் சங்கடத்தையும் அவனிடம் ஒப்படைத்துப் பாருங்கள். ஒப்படைத்த பிறகு, தயவுசெய்து, காதைத் திறந்து வையுங்கள்.

30 திங்கள், காலை 5.20. டைரியைத் திறக்கவில்லை, மாத்திரையும் போடவில்லை. பத்மா வீணைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரம், மூன்று அழைப்பு, அன்று அவரிடம் நான் சொன்ன சொல்.



"நீங்க கற்பூரம் வைக்கிறத பாத்தேன்லா," என்றார். "ஒங்க லிஸ்ட்ல இருக்கும்னு நெனச்சு வாய மூடிக்கிட்டேன்."

பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"சரி, அந்தப் பக்கம் புடிங்க. வீணையத் தூக்கிப் பாயில வைப்போம்."

பிடித்தேன்.