கடைசி வண்டி துரைசாமி

பாஸ்கரின் தம்பி டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் வாங்கிய புது வீட்டில் அன்று கிரகப்பிரவேசம். விடிந்தும் விடியாத நேரம். அடுப்படி முழுக்கப் பட்டுப்புடவைகள். பால் எப்போது பொங்கும் என்று எல்லாரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது சரஸ்வதியின் கைப்பைக்குள் போன் அடித்தது. தெரியாத நம்பர் என்று அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. எடுத்தாள். "எஸ், ஐ ஆம் ஹிஸ் வொய்ஃப்" என்றாள். பால் பொங்கி வழிந்தது. விஷயம் தெரியாத யாரோ ஒருத்தி பின்னாலிருந்து கை தட்டினாள்.

துரைசாமி இறந்துபோன செய்தி எங்களுக்கு இப்படித்தான் வந்தது. போன் செய்தவர் மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் இருக்கும் பூங்காவின் ரேஞ்சர். அந்த நேரத்தில், துரையோடு அதே பாலைவனத்துக்குப் போய்த் திரும்பிய மூன்று வண்டிக்காரர்களும் அந்த வீட்டு ஹாலில் வேட்டி கட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் என் மகன் குமரேசன்.

நம் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். கூடவே, அவர்கள் போட்ட அஞ்சலி அறிவிப்பையும் அனுப்பினார்கள். "தான் நேசித்த பாதையிலேயே இயற்கையோடு கலந்தார்" என்று அதில் இருந்தது. அழகான வரிதான். யார் எழுதியது என்று தெரியவில்லை. வயிறு எரியும்போது அழகான வரி எழுதுவதற்கு அஞ்சாம் வகுப்பில் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதற்குமேல் நான் படிக்கவும் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

துரையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். தாராபுரத்துக்காரர். பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அடக்கமான மனிதர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்தமாகப் பேசுவார், தன் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாம்பார் ஆறிப்போகும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய வண்டி அது. அதன் பின்பக்கத்தில் மண்வெட்டி, இழுவைக் கயிறு, கட்டுக் கம்பி, பழைய சைக்கிள் டியூப் என்று ஒரு கடையே இருக்கும். "இதெல்லாம் எதுக்குங்க, அமெரிக்காவுல சைக்கிள் டியூபைத் தூக்கிக்கிட்டு?" என்று கேட்டேன். "அக்கா, ரோடு இருக்கிற வரைக்கும்தான் இது அமெரிக்கா. ரோடு முடிஞ்சா அப்புறம் நம்ம ஊருதான்" என்றார்.

முதல் தடவை இந்த வண்டிக்காரர்களோடு நான் போனபோது என் மகன் வண்டி மணலில் புதைந்துகொண்டது. ஐ.டி. பிள்ளைகள் நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் இறங்கியது. துரை வந்து ஒருவரையும் தொடவிடாமல், நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டார். டயர் சப்பையாகி மணல் மேல் பரந்து உட்கார்ந்தது. "இப்ப மெதுவா எடு கண்ணு" என்றார். வண்டி எருமை எழுந்திருப்பதுபோல எழுந்து வந்தது. பிறகு என் மகனைப் பார்த்துச் சொன்னார்: "காத்து நெறைய இருந்தா மனுசனும் புதைவான், டயரும் புதையும்." என் பிள்ளையை என் எதிரிலேயே சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் சிரித்துவிட்டேன்.

இன்னொரு முறை, பாஸ்கர் வண்டியின் பெட்ரோல் டேங்கில் கல் அடித்துப் பொட்டு ஓட்டை விழுந்தது. சொட்டுச் சொட்டாக வடிகிறது. எல்லாரும் போனைத் தூக்கி சிக்னல் தேடுகிறார்கள். துரை நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, சோப்பு இருக்குதுங்களா?"

"பேக் நிறைய ஷாம்பூவும் பாடி வாஷும் வெச்சிருக்காங்களே, அவங்களக் கேளுங்க."

"அந்தக் கஞ்சித் தண்ணி வேண்டாமுங்க. கட்டி சோப்பு. அது உங்ககிட்டத்தான் இருக்கும்."

இருந்தது. மஞ்சள் சோப்பு. கொடுத்தேன். மல்லாந்து வண்டிக்கு அடியில் போய், ஓட்டையில் அதை அழுத்தித் தேய்த்து அடைத்தார். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊர் வந்து சேரும்வரை ஒரு சொட்டு வடியவில்லை. "பாஸ்கர் வண்டிய இன்னைக்கு ஓட்டுனது அக்காவோட சோப்புதான்" என்று மைக் இல்லாத குறையாக எல்லா வீட்டிலும் சொன்னார். அதிலிருந்து, முழங்கால் வலியால் நான் போகாத பயணங்களுக்கும் கிளம்புமுன் என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து ஒரு சோப்பு வாங்கிக்கொண்டுதான் போவார்.

இப்போது அவருடைய விதிக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், கேட்டு மறந்திருப்பீர்கள். வண்டிகள் வரிசையாகப் போகும்போது, முன்னால் போகிறவனைப் பற்றி நீ கவலைப்படாதே. பின்னால் வருகிறவனுக்கு நீதான் பொறுப்பு. கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லை என்றால் நில். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவன் நிற்பான். இப்படியே எல்லாரும் நிற்பார்கள். அவர் எப்போதும் கடைசி வண்டி. "யாரு நின்னாலும் எனக்குத் தெரியோணும், அதுக்குத்தான் கடைசி" என்பார். அவரே நின்றுவிட்டால் தெரியவேண்டியது ஒரே ஒருவனுக்குத்தான். அவருக்கு முன்வண்டிக்காரனுக்கு. அந்தக் கடைசிப் பயணத்தில் அது என் மகன்.

இதை என்னிடம் சொன்னது அவன் இல்லை. அவன் வண்டியில் உட்கார்ந்திருந்த என் பேத்தி யாழினி. வேலைக்குப் போகிற பெண், தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்லும். செய்தி வந்து சில நாள் கழித்து என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கஷ்டப்பட்டுத் தமிழிலேயே சொன்னது.

திரும்பும் நாள் காலை. பாலைவனப் பாதையில் துரை வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்து, தண்ணீர் முழுக்க மண்ணில் போய்விட்டது. என் மகன் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறான். துரை சொன்னாராம்: "ஓஸ் போயிருச்சு, ஒண்ணுமில்ல. டியூபைச் சுத்திக் கட்டிட்டு வந்தர்றேன். நீங்க போங்க கண்ணு, பாஸ்கரு கிரகப்பிரவேசத்துக்குப் போகோணும்." என் மகன் வந்து வண்டியை எடுத்துவிட்டான். மேடு திரும்பியதும் யாழினி கேட்டிருக்கிறாள்:

"டாட், மிரர்ல துரை தாத்தா இல்ல. ரூல் என்ன? ஸ்டாப்."

"அவரே போகச் சொல்லிட்டார்ம்மா."

"ஸோ வாட்?"

மூன்று இன்ஜினியர்கள் கேட்காத கேள்வியை அந்தப் பெண் கேட்டது. என் பேத்தி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் பதில் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போனதும் என் பிள்ளைதானே.

சிக்னல் இல்லாத இடத்திலிருந்து உதவி கேட்கிற சாட்டிலைட் கருவி அவர்களிடம் ஒன்றுதான். அது முதல் வண்டியில், பாஸ்கரிடம் இருந்தது. துரை எடுத்துப் போன உபரித் தண்ணீர் முந்தைய நாளே கொதித்துப்போன பாஸ்கர் வண்டிக்குப் போய்விட்டது. திரும்ப யாரும் அவர் கேனை நிரப்பவில்லை. தார் ரோட்டுக்கு வந்து போன் பண்ணிப் பார்த்தார்களாம், எடுக்கவில்லையாம். "துரை அங்கிளுக்கு என்ன ஆகும்? வந்துடுவார்." இதைச் சொல்லிச் சொல்லியே ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். கைவேலை தெரியாதவன் ஒருவன் அங்கே நின்றிருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பார்களா? வேலை தெரிந்தவர் என்பதால்தானே விட்டுவிட்டு வந்தார்கள்!

ரேஞ்சர் போய்ப் பார்த்தபோது குழாய் ஒழுங்காகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. குடிக்கிற பாட்டில்கள் எல்லாம் காலி. வண்டியின் நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். வெயிலும் இதயமும் என்று டாக்டர் எழுதினார். வண்டிக்குக் கொடுத்த தண்ணீரில் ஒரு வாயாவது நீங்கள் குடித்திருக்கக்கூடாதா துரை? எனக்கு உங்கள் மேலும் கோபம்தான்.

இதையெல்லாம்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்வேன். பொறுக்கமுடியாதது ஒன்று உண்டு. அந்தக் கிரகப்பிரவேச வீட்டில், போன் வருவதற்கு முன்னால், சரஸ்வதி கேட்டாள்: "அவரு எங்கப்பா, உங்ககூட வரலியா?" அதற்குப் பாஸ்கர், "அங்கிள் இன்னும் ஒரு நாள் இருந்துட்டு வர்றேன்னுட்டார் ஆன்ட்டி" என்றான். சும்மா, அவள் கவலைப்படக்கூடாது என்று சொன்ன வார்த்தையாம். என் மகன் பக்கத்தில் நின்று காபியைக் குடித்தான். பிறகு செய்தி வந்தது. சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

சரஸ்வதி அதை நம்பினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம், "என்னை விட அந்த மண்ணுதான் அவருக்குப் பெருசாப் போச்சு. எல்லாரும் கெளம்புனப்ப இவரு மட்டும் இருக்கறேன்னாராமே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "வயசான காலத்துல எதுக்குங்க இந்த ஆட்டம்" என்று வந்தவர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் பாதிப் பேரை மணலிலிருந்து இழுத்துவிட்டவர் அவர்.

"நீ சொல்றயா, நான் சொல்லட்டுமா?" என்று என் மகனைக் கேட்டேன். "கருமாதி முடியட்டும்மா" என்றான். கருமாதி முடிந்தால் வேறொரு நல்ல நாள் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும்.

கருமாதி அன்று சாப்பாடு. வாழையிலை போலவே அச்சடித்த காகிதத் தட்டு. அந்த மூன்று பேரும்தான் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். ஒரு பெரியவர் போதும் என்று தட்டின் மேல் கையை மறைத்தார். பாஸ்கர் விடவில்லை. "அட, ஒரு கரண்டிதாங்க" என்று கையை விலக்கிப் பாயசத்தை ஊற்றினான். எனக்கு உள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"ஏப்பா பாஸ்கர், அவர் போதும்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு ஆன்ட்டி. அது சும்மா சொல்றது."

"சும்மான்னு எப்படித் தெரியும்?"

சிரித்தான். "நம்ம ஆளுங்க முதல்ல வேண்டாம்னுதானே சொல்வாங்க? ரெண்டாவது தடவை கேட்டாத்தானே வாங்கிக்குவாங்க?"

"அப்போ துரை 'நீங்க போங்க'ன்னப்ப மட்டும் அது நெசம்னு எப்படிறா தெரிஞ்சுது உங்களுக்கு? பாயசத்துக்கு இருக்கிற உபசாரம் ஒரு மனுசன் உசுருக்கு இல்லாமப் போச்சா?"

பாஸ்கர் கையில் கரண்டி அப்படியே நின்றது. இதை அச்சில் போடவேண்டாம் என்று பிறகு சிலர் என்னிடம் வந்து சொன்னார்கள். போடுங்கள்.

என் மகன் சாம்பார் வாளியைக் கீழே வைத்தான். சரஸ்வதி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தை, அவர் இருக்கறேன்னு சொல்லலை. வண்டி நின்னுபோச்சு. சரி பண்ணிட்டு வர்றேன், நீ போன்னாரு. நான் வந்துட்டேன். கண்ணாடியில அவர் இல்லை. தெரிஞ்சும் வந்துட்டேன்."

சரஸ்வதி அவன் பக்கம் குனிந்தாள். "அப்ப அவரு வூட்டுக்கு வரத்தான் பார்த்தாரா?" என்றாள்.

"ஆமாங்க அத்தை. வண்டி ரெடியா இருந்துச்சு. மூஞ்சி நம்ம ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்தி வெச்சிருந்தாராம்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "காபி வேணுமான்னு கேட்டாக்கூட முதல்ல வேண்டாமும்பாரு கண்ணு. அவரை ரெண்டாந்தடவை கேக்கோணும்."

அதைவிடப் பெரிய அடி கிடையாது. என் மகன் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அவர் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. டேங்கை அடைத்ததுபோக மீதியான பாதிச் சோப்பு, பெட்ரோல் வாடையோடு என் பையில் இருக்கிறது. சரஸ்வதிக்கு அது வேண்டுமானால் கொடுத்துவிடுவேன். நான் கொடுக்காமல் வைத்துக்கொள்ளப்போவது அவருடைய விதியைத்தான். இனி நான் கார் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் வருவேன். யாராவது என்னைப் பார்த்து "நீங்க போங்க, நான் வர்றேன்" என்றால் போகமாட்டேன். இரண்டாம் முறை கேட்பேன். சிடுசிடுத்தாலும் கேட்பேன். கோபித்துக்கொண்டு விரட்டினாலும், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அவர் வரும்வரை அங்கேயே இருப்பேன்.