இரண்டாவது நாற்காலி

எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் ரூமுக்கு நாலு பேர் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். சீசன் வந்தால் ஒன்பது பேர் உட்காருவார்கள். அதிகாரி வண்டி வருகிறது என்றதும் ஐந்து பேர் எழுந்துபோய்க் கருவேலங்காட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். அப்படி ஒளிகிறவர்களில் சின்னத்தாயும் ஒருத்தி. அவள் மகள் பானுப்பிரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தக் கூத்தைக் கண்டால் குமட்டும். படித்து வெளியூர் போனால் தப்பிக்கலாம் என்று நினைத்தாள். விமான நிலையத்தில், வானத்து விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை கிடைத்தது.

அங்கே மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒருவர் விமானிகளோடு பேச, இன்னொருவர் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பார். போன வருஷம் புது கம்ப்யூட்டர் வந்தது. இனி எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். அதுவோ ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆபத்து என்று கத்தியது. பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்து அடைத்தே கை பழகிப்போனது.

ஒரு மழை நாளில் அப்படித்தான் அடைத்துவிட்டு ஒரு விமானியோடு பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால், இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் எதிரெதிரே வருகின்றன. பதறாமல் ஒன்றைக் கீழே இறக்கச் சொன்னாள்.

மேலாளர் சபரிநாதன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க. பக்கத்துல ஓர் ஆளை உட்கார வைக்கிறேன். எப்பவும் ரெண்டு பேர்தான்னு சொல்லிடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அங்கே ஆளை ஒளித்தார்கள், இங்கே ஆளைக் காட்டுகிறார்கள். கோட்டு போட்டுச் செய்தாலும் அதே அசிங்கம்தான்.

அம்மாவிடம் போனில் சொன்னாள். "உண்மையச் சொன்னா வேலைக்கே வேட்டு வச்சிருவாகம்மா."

சின்னத்தாய் கேட்டாள்: "ரூமுக்குள்ள எம்புட்டுப் பேரு இருக்கோம்னு எங்களுக்காவது தெரியும் தாயி. மேல பறக்குறவுகளுக்குத் தெரியுமா?"

மறுநாள் பக்கத்து நாற்காலியில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆய்வு அதிகாரி கேட்டதும் பானுப்பிரியா சொன்னாள்: "தினமும் நான் ஒருத்திதான் சார். திரையில எது பிளேன்னு இவரைக் கேட்டுப் பாருங்க."

அந்த ஆள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சபரிநாதன் முகம் கறுத்தது. அதிகாரி அந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் கத்தியது. ஓயாமல் கத்தியது.

"சே, முதல்ல இதை நிறுத்தும்மா."

பானுப்பிரியா பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. "அப்படி நிறுத்துனதுலதான் சார் அன்னைக்கு ரெண்டு பிளேன் நேருக்கு நேரா வந்துச்சு."