ஹபீபா பீவி கேட்ட மன்னிப்பு

ஹபீபா பீவி பயந்த சுபாவம் என்று ஆறு மாதத்துக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். பாயான் பாரு பகுதியில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் இருபத்தேழு வருஷம் சமைத்தவர். நானூறு பேர் தட்டோடு நின்று கத்தினாலும் கரண்டியைக் கீழே வைக்காதவர். எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் வராவிட்டாலும் குப்பை அள்ளாவிட்டாலும் மேனேஜர் மோகனராஜின் கதவைத் தட்டுவது அவர்தான். நாங்கள் பின்னால் நிற்போம். பின்னால் நிற்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒன்பதாம் மாடியில் எங்களுக்கும் அவருக்கும் எதிரெதிர் வீடு. நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவரும் என் மாமியார் ஜெயலெட்சுமியும் பசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டு லிஃப்ட்டில் ஏறி வந்தார்கள். ஏழாம் மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு உதறு உதறிக் கீழே விழுந்தது. நல்லவேளை, ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிடம் இருட்டு. மாமியார் முருகனைக் கூப்பிட, ஹபீபா அக்கா அல்லாவைக் கூப்பிட்டார். கூடவே கைப்பேசி வெளிச்சத்தில், சுவரில் மாட்டியிருந்த பராமரிப்பு அட்டையையும் படம் எடுத்தார். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் சோதித்ததாக அதில் கையெழுத்து இருந்தது. அன்றைக்குத் தேதி பத்தொன்பது.

"இன்னும் வராத நாளுக்குக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க. இது ஏமாத்து வேலை. உயிர் போனா யார் பதில் சொல்றது?" என்று படத்தோடு குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த குழு. கோப முகங்கள் வரிசையாக விழுந்தன. "விடாதீங்க அக்கா" என்று நானும் எழுதினேன்.

ஒன்பதாவது நாள் வக்கீல் கடிதம் வந்தது. மோகனராஜ் வேலை பார்க்கும் நிர்வாக நிறுவனத்தின் பெயரை அக்கா கெடுத்துவிட்டாராம். ஏழு நாளில் மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து லட்சம் வெள்ளிப் பணம் நஷ்டஈடு. அக்காவின் கணவர் அப்துல் ரஹீம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை மூன்று தடவை படித்தார், பிறகு அரிசி வாளிக்குள் வைத்து மூடினார். அங்கே வைத்தால் யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தார் போலும்.

அன்றிரவே குழுவிலிருந்து நாற்பது பேர் விலகினார்கள். நான் விலகவில்லை, என் வரியை மட்டும் அழித்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

நோன்பு ஆரம்பித்த வாரத்தில் கோர்ட்டு சம்மன் வந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அக்கா யார் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை. பார்சல்காரன் தட்டினால் சமையலறைக்குள் போய் நிற்பார். நான் நோன்புக் கஞ்சி வாங்கப் போனால்கூட, "சாந்தினி, நீ மட்டும்தானே?" என்று உள்ளிருந்தே கேட்பார். வீடு அவர் பெயரில் இருந்தது. கேண்டீன் சம்பளத்தில் வாங்கிய வீடு.

"ஏலம் போட்டுடுவாங்களா சாந்தினி? இந்த வயசுல நாங்க எங்க போறது?"

வீட்டுக்கு வந்து குழுவைத் திறந்து பார்த்தேன். அழித்த வரியை யாராவது படம் எடுத்து வைத்திருந்தால்?

பெருநாள் வந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் அக்கா செய்கிறதை இந்த வருஷமும் செய்தார். இங்கே ராயா என்கிற பெருநாள் வாழ்த்து என்றால் சும்மா வாழ்த்து அல்ல, மன்னிப்பும் கேட்க வேண்டும். மாஆஃப் ஸாஹிர் பாத்தின், வெளியே செய்த பிழைக்கும் மனசுக்குள் செய்த பிழைக்கும் மன்னியுங்கள். சொந்தக்காரர், மீன்காரர், பழைய சூப்பர்வைசர் என்று எல்லாருக்கும் அனுப்புவார். பகையாளிக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் மோகனராஜுக்கும் போயிற்று. ஓலைக்குள் வேகவைத்த கெத்துப்பாட் சோற்றின் படம், பிறைச்சந்திரன், கீழே தமிழில்: "தம்பி, நான் சொல்லாலும் செயலாலும் செய்த தவறு எல்லாத்தையும் மன்னிச்சிருங்க."

"செலாமாட் ஹரி ராயா அக்கா" என்று சிரிப்பு முகத்தோடு பதில் வந்தது. பார்த்தீங்களா, மனசு இளகிட்டாரு என்று அக்கா எல்லாரிடமும் காட்டினார். அன்று மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து நிறுவனம் கோர்ட்டில் சத்தியப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஏழாவது ஆவணமாக அந்த வாழ்த்து, கெத்துப்பாட்டும் பிறையுமாக, கலரில். பிரதிவாதி தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டார் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. கைகூப்பியவன் கையிலேயே விலங்கு மாட்டுவது என்றால் இதுதான்.

நானும் அக்காவும் சூலியா தெருவுக்குப் போனோம். பணமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் லைலா என்ற வக்கீலின் அலுவலகம். கட்டணம் வாங்காமல் இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிறவர். தாள்களைப் படித்துவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"ராயா மெசேஜ ஒப்புதல்னு ஜட்ஜ் நம்ப மாட்டாரு. அந்த அட்டைப் படம் போதும், நாம ஜெயிக்கலாம். ஆனா ரெண்டு மூணு வருஷம் இழுப்பாங்க அக்கா. தோத்தா அவங்க செலவும் உங்க தலையில வரலாம். அவங்களுக்கு ஜெயிக்கணும்னு இல்ல, நீங்க பயந்தா போதும்."

"இப்படிக் கேஸ் போடறத யாரும் கேக்க முடியாதாம்மா?"

"வாய அடைக்கிறதுக்குன்னே போடற கேஸ ஆரம்பத்துலயே தூக்கிப் போடற சட்டம் சில நாட்டுல இருக்கு. இங்கயும் வேணும்னு நாங்க மனு கொடுத்துக்கிட்டுதான் இருக்கோம். உங்க கதைய அதுல எழுதிக்கவா?"

"எழுதிக்கம்மா. ஆனா அந்தச் சட்டம் என் வீட்டுக்கு ஆள் வர்றதுக்குள்ள வந்துருமா?"

லைலா பேனாவை மூடினார். "தெரியலக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

அடுத்த வாரம் நிறுவனம் சமாதானம் பேசியது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வழக்கை வாபஸ் வாங்குவார்களாம். தாளில் இருந்தது இவ்வளவுதான்: நான் சொன்னது பொய், லிஃப்ட் பாதுகாப்பாக இருக்கிறது, இனி இது பற்றி யாரிடமும் பேச மாட்டேன். லைலா போட வேண்டாம் என்று கெஞ்சினார். போட்டுவிடு என்று அப்துல் ரஹீம் பெண்டாட்டியின் காலைப் பிடிக்காத குறை. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போட்டார்.

அன்று மாலையே அந்தத் தாளைப் பெரிதாக அச்சடித்து லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். கீழே அவர் பெயர், வீட்டு எண். லிஃப்ட்டில் ஒரு திருகாணியைக்கூட யாரும் மாற்றவில்லை. ஏழாம் மாடியில் முன்பு போலவே ஒரு உதறு உதறிவிட்டுத்தான் ஏறியது.

என் மாமியார் அந்த விபத்துக்குப் பிறகு லிஃப்ட் பக்கமே போகவில்லை. முட்டிவலியால் படியும் இறங்க முடியாது. நான்கு மாதமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தவர். அறிவிப்பைப் பற்றி யாரோ சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவை கட்டிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிவிட்டார்.

"அத்தை, வேண்டாம்லா."

"ஹபீபாவே நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டா. அவ பொய் சொல்ல மாட்டா. நீ சும்மா இரு."

சத்தம் கேட்டு அக்கா கதவைத் திறந்தார். மாமியார் லிஃப்ட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். அக்கா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பேசினால் வழக்கு மறுபடி வரும். எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். மூடப்போன கதவுக்குள் கையை நுழைத்து அவரும் உள்ளே ஏறினார். தலையில் முக்காடுகூட இல்லை.

"நீ எங்க வர்ற ஹபீபா?"

"சும்மாக்கா. நான் எழுதினதுதானே. நானும் வர்றேன்." அவர் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன, கை என் மாமியாரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கும் இடமிருந்தது. கதவு மூடும்வரை இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் படியில் இறங்கினேன்.