கிணற்றில் குதித்த டைவிங் வாட்ச்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அமுதா டீச்சரின் கணவர் போனில் கூப்பிட்டார். "அமுதா போயிட்டாம்மா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா, அவ்வளவுதான்." ஒரே பள்ளியில் டீச்சர் விளையாட்டுக்கு, நான் தமிழுக்கு. அழுதுகொண்டேதான் அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் அந்த வாட்ச் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

டீச்சரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வாட்சையும் தெரியும். அது வந்த கதைதான் தெரியாது. ரிட்டயர் ஆனதும் அவர் வீட்டில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கடலுக்குள் முங்குகிறவர்கள் கட்டும் உயர்ந்த ரக வெளிநாட்டு வாட்ச் வேண்டும். புதிது கட்டுப்படியாகாது, பழசு போதும் என்றார். வீடே கொதித்தது.

"நீ என்ன கடலுக்கா போகப் போற? அந்தக் காசுக்கு நகை எடு" என்றார் கணவர்.

"எனக்கு வேணும். வேணும்ங்கறதுக்கு மேல என்னங்க காரணம் வேணும்?" என்றார் டீச்சர்.

துபாயிலிருந்து திரும்பிய கபீர் பாய் ஒன்று விற்கிறார் என்று கேள்விப்பட்டு லப்பைக்குடிக்காட்டுக்குப் போனோம். கறுப்பு முகம், கெட்டியான எஃகுப் பட்டை. என்ன கனம்! எனக்கே ஆசை வந்துவிட்டது.

"முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் டீச்சர். வல்லாஹி, சத்தியமா ஒரிஜினல்."

"நீங்க தண்ணியில இறக்கிப் பாத்தீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யறப்பகூடக் கழட்டி வெச்சிடுவேன்."

"அப்ப எங்க அண்ணன் கிணத்துக்கு வாங்க. உள்ள தண்ணி பூந்தா வாட்ச் உங்களுது. பூரலைன்னா பேரம் பேசாம எடுத்துக்கறேன்."

பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே காரை எடுத்தார்.

மழைக்குக் கிணறு தளும்பிக்கொண்டிருந்தது. பாய் வாட்சின் சாவியை இறுக்கித் திருகி, பிஸ்மி சொல்லிக் கொடுத்தார். டீச்சர் அதைக் கட்டிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்து, மோட்டார் ரூம் மேலிருந்து தொபுக்கென்று குதித்தார். வெகுநேரம் ஆளைக் காணோம்.

"யா அல்லாஹ்! வாட்சு போனாப் போவுது, டீச்சரைத் தூக்குங்க!" என்று பாய் அலறினார்.

முதலில் கை வந்தது. பிறகு தலை.

"ஓடுதுங்க பாய்! ஓடுது!"

கண்ணாடிக்குள் பொட்டு ஈரமில்லை. "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று பாய் வரப்பில் குதித்தார். விற்றதைவிட, தன் வாட்ச் ஜெயித்ததில்தான் அவருக்குச் சந்தோஷம். குதிக்காத எனக்கும் மூச்சு வாங்கியது. அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

அதற்குப் பின் டீச்சர் அதைக் கழற்றவே இல்லை. கடைசியாக அவரைக் குளிப்பாட்டும்போது, வாட்சில் தண்ணீர் பட்டுவிடும், கழற்றுங்கள் என்று யாரோ சொன்னார்கள். நகை எடுக்கச் சொன்ன கணவர்தான் தடுத்தார். "படட்டும். அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றவர், அப்படியே உடைந்துபோனார்.

எனக்கு அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். வரப்போகும் பணத்தில் மாடி கட்டுவதென்று வீட்டில் என்னைக் கேட்காமலே முடிவாகிவிட்டது. டீச்சர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று, "எனக்கு ஒண்ணு வேணும்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'வேணும்' ஒன்றைத்தான். எனக்கு வேண்டியது என்னவென்று கண்டுபிடிக்கும்வரை மாடி காத்திருக்கட்டும்.